பொம்பளைப் பக்கத்து வீடியோ

சப்னாவின் உம்மா மகளுடைய நெற்றியில் முத்தமிடக் குனிந்தார். பாதி குனிகையில் அவருடைய முகம் பச்சையானது. குளத்துப் பாசியின் பச்சை. அடுத்த நொடி முகம் கட்டம் கட்டமாகச் சிதறியது, திரை ஒருதரம் கறுத்தது, திரும்ப வெளிச்சம் வந்தபோது எடிட்டிங் சொஃப்ட்வெயரையே காணோம். இல்மா மவுஸைப் பிடித்த பிடியில் அப்படியே இருந்தாள். நேற்றுப் பின்னேரம் அஸர் தொழ எழும்பிப் போகும்வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடிய வீடியோ. இன்று காலை தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து உட்கார்ந்தால் இந்தக் கூத்து. திரும்பத் திறந்து வேறோர் இடத்திலிருந்து ஓட்டிப் பார்த்தாள். இந்த முறை மணப்பெண் சப்னாவே பச்சை. "யா அல்லாஹ், இதென்ன சோதன" என்று வாய்விட்டே சொன்னாள்.

அலவத்துகொடப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் இல்மாவைத் தெரியாத பெண்கள் குறைவு. ஆண்கள் பக்கத்தை எடுக்கக் கமராக்காரர்களுக்கா பஞ்சம், கல்லை எறிந்தால் ஒருவன் தலையில் விழும். திரைக்கு அந்தப் பக்கம், பெண்கள் முக்காட்டை இறக்கிவிட்டு ஆளுக்காள் கேலி பண்ணி, புரியாணிச் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சிரிக்கிற பக்கத்துக்கு, இவள்தான். அதற்கென்று ஓர் ஒழுங்கு வைத்திருந்தாள். கல்யாணம் முடிந்ததும் படங்களைத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். ஏற்றியதும் பெண்ணின் உம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, அவர் கண்முன்னாலேயே கமரா கார்டுகளைத் துடைத்து வெறுமையாக்கிக் காட்டுவாள். பிறகு படங்கள் இருப்பது அந்த ஒரே இடத்தில்தான். முழு வீடியோவும் ஆனதும் அதைப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டுத் தன்னிடம் இருப்பதையும் அழித்துவிடுவாள். ஒரு ஆம்பளையின் கண்ணும் படாது என்பது அவள் கொடுக்கிற வாக்கு. அந்த வாக்கை நம்பித்தான் பெண்கள் அவள் கமராவுக்கு முன்னால் முக்காடு இல்லாமல் ஆடினார்கள். இரண்டு இடத்தில் இருக்கிற படம் இருபது இடத்துக்குப் போகும் என்று அவள் பிரதிகூட எடுப்பதில்லை. பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்த அந்த ஒழுங்குதான் இப்போது கழுத்தைப் பிடித்தது.

காலமும் இல்லை. சப்னா புருஷனோடு தோஹாவுக்குப் போவது அடுத்த மாதம் என்றுதான் பேச்சு. திடீரென்று வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. டிக்கட் வட்ஸ்அப்பில் வந்த பிறகுதான் சப்னாவுக்கே தெரியும் என்று அவளுடைய உம்மா போனில் சொல்லி மூக்கை உறிஞ்சினார். வியாழன் பின்னேரம் சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் கூடி வீடியோவைப் பார்க்கிறதாக ஏற்பாடு. இன்று புதன்.

இல்மா வீடியோவை மூடியதும், அவளுடைய புருஷன் ரஸீன் கடைக்குப் போகச் சட்டைப் பொத்தானைப் போட்டபடி எட்டிப் பார்த்தான். அக்குறணையில் போன் கடை வைத்திருப்பவன். நல்ல மனுஷன், ஆனால் எதுவும் தானாக நடந்தால்தான் அவனுக்கு மனம் குளிரும். தண்ணீர் மோட்டர் தானாக நிற்கும், கேட் லைட் தானாக எரியும். இல்மாவின் மெஷினுக்கும் அவன்தான் ஏதோவொரு சொஃப்ட்வெயரைப் போட்டு, எல்லாமே தானாகப் புதுசாகிக்கொள்ளும்படி வைத்திருந்தான்.

"ராவைக்கு கிராபிக்ஸ் கார்ட் ட்ரைவர் அப்டேட் ஆகியீக்கி. இந்தா, ஸ்கிரீன்லயே சொல்லுதே" என்றான், ஒரு சந்தோஷச் செய்தி போல.

"நான் கேட்டேனா?"

"நீ கேக்கத் தேவயில்ல இல்மா, அதுக்குத்தானே ஓட்டோ அப்டேட். டவுன்ல ஒரு கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டு போய்க் குடுப்பம். பத்து நிமிஷத்துல செஞ்சி தருவாங்க."

"அங்க ஈக்கிறதெல்லாம் ஆம்பளயள்."

"ஹார்ட் டிஸ்க கழட்டி வெச்சிட்டுக் குடேன்."

"பழுதும் படமும் ஒரே டிஸ்க்லதான் ஈக்கி. அதக் கழட்டினா அவங்க எத்தத் திருத்துற?"

ரஸீன் தலையைச் சொறிந்தான். "அவங்க பாத்தா யாருக்கு வெளங்கப் போகுது?"

"எனக்கு வெளங்குமே" என்றாள் இல்மா. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மெஷினை வாங்கிய கண்டிக் கடையில் அதைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்த ஜீவனின் நம்பர் அவளிடம் இருந்தது. கலஹாக்காரன், மரியாதையான பேச்சு. போன் எடுத்தாள்; இன்று லீவாம், வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் இருந்தான்.

"ஒண்ணும் பயப்படாதீங்க அக்கா. வீட்டுக்குப் போனதும் ஒரு நம்பர் அனுப்புறேன், அதப் போட்டீங்கன்னா அங்கருந்தே உங்க ஸ்கிரீனுக்குள்ள வந்து பாத்துடுவேன்."

"அது ஏலாது தம்பி. ஸ்கிரீன்ல பொம்பளயள் ஈக்கிறாங்க."

"சரிங்க" என்றான், பஸ்ஸின் உறுமலுக்கு மேலாக. "அப்ப நீங்களேதான் செய்யணும். நான் சொல்றேன். கார்டுக்கு விண்டோஸ் பேசுறது புரியாதுங்க. நடுவுல நின்னு மொழிபெயர்த்துச் சொல்றதுதான் ட்ரைவர். புதுசா வந்தவன் உங்க எடிட்டிங் சொஃப்ட்வெயர் பேசுறத தப்பாப் புரிஞ்சுக்கிறான். அவன அனுப்பிட்டு, பழையவனக் கூப்புடணும்."

"அப்ப ஓட்டோ வெக்கிறது பிழையா?"

"அப்புடிச் சொல்ல மாட்டேங்க. கேம் ஆடுறவங்களுக்குப் புதுசு வந்தா நல்லது. பாதுகாப்புக்கும் சில நேரம் புதுசு வேணும். ஆனா கையில ஒரு வேல ஓடிக்கிட்டு இருக்கப்ப, நல்லா ஓடுறதத் தொடாதீங்க. மொதல்ல என்ன செய்யணும்னா, புதுசக் கழட்டுறதுக்கு முன்னாடி நீங்க வந்து..." அதோடு லைன் அறுந்தது. கலஹா ரோட்டின் தேயிலை மலை வளைவு எதிலோ சிக்னல் போயிருக்கும். இல்மா திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். ஒரு பெண் குரல் மூன்று பாஷையிலும் மன்னிப்புக் கேட்டது.

முன்னாடி என்ன செய்ய வேண்டும் என்பது தெரியாமல் கழட்டினால் என்ன ஆகும்? பயம்தான். ஆனால் பயத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றும் முளைத்திருந்தது. இத்தனை வருஷம் இந்தப் பெட்டிக்கு முன்னால் குந்தியிருக்கிறாள், உள்ளே ஒரு மொழிபெயர்ப்பாளன் இருப்பதை யாரும் அவளிடம் சொன்னதில்லை. அவனைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது.

தேடித் தேடி அந்தப் பட்டியலைக் கண்டுபிடித்தாள். கார்டின் பெயருக்கு நேரே ட்ரைவர், நேற்றைய திகதியோடு. பழையதுக்குத் திரும்புகிற பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. இடம் மிச்சமாகட்டும் என்று ரஸீன் போட்ட சொஃப்ட்வெயர் பழையதைத் தானாகவே துடைத்துவிட்டிருந்தது. சரிதான், கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. பிஸ்மி சொல்லிப் புதியதைக் கழட்டினாள். எழுத்துக்கள் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாகி நின்றன. கழன்றுவிட்டது! சந்தோஷத்தில் எழும்பிப் போய்த் தேத்தண்ணியைச் சுடவைத்துக்கொண்டு வந்தால், எழுத்துக்கள் பழையபடி சின்னதாகி, ஒன்றும் நடவாததுபோல் திரை மினுமினுத்தது. பட்டியலைத் திறந்தாள். அதே புதியவன், அதே திகதியோடு, உள்ளே வந்து உட்கார்ந்திருந்தான்.

"அடப் பாவி, ஆர்ரா உனக்குக் கதவத் தொறந்தது?"

கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. கார்டுக் கொம்பனியின் பக்கத்துக்குப் போய், இந்தப் புதியவன் எதற்காக வந்தான் என்று வாசித்துப் பார்த்தாள். அவளுடைய இங்கிலீஷுக்கு அது கொஞ்சம் முரடுதான், ஆனாலும் விளங்கியது. ஏதோ ஒரு சண்டை விளையாட்டில் துப்பாக்கிப் புகை இனிமேல் இன்னும் அழகாகத் தெரியுமாம். இல்மா இரண்டு தரம் வாசித்தாள். எந்தத் தேசத்திலோ எவனோ சுடுகிற புகைக்காக அலவத்துகொடயில் ஒரு உம்மா பச்சையாகிவிட்டார்! அடியில், பொடி எழுத்தில், தெரிந்த குறைகள் என்று ஒரு தலைப்பு. சில எடிட்டிங் சொஃப்ட்வெயர்களில் வீடியோ பச்சையாகத் தெரியலாம் என்று அங்கேயே போட்டிருந்தார்கள். தெரிந்துதான் அனுப்பியிருக்கிறார்கள். கேட்டிருந்தால் அவள் வேண்டாம் என்று சொல்லியிருப்பாள், அவ்வளவுதான் விஷயம். அதே பக்கத்தில் பழையவர்களும் திகதி வாரியாக வரிசையில் இருந்தார்கள். போன மாதத்துக்காரனை இறக்கி வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் உறைத்தது. புதியவன் வந்த வழி இண்டர்நெட். ஜீவன் சொல்ல வந்து அறுந்த சொல்லும் அதுவாகத்தான் இருக்கும். போய் ரூட்டரின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

"இல்மா!" அறைக்குள்ளிருந்து ரஸீனின் உம்மாவின் குரல். "போன்ல மார்க்கம் சொல்லிப் பயான் பண்ணுற மவ்லவி வாயத் தொறந்தபடி நிண்டுட்டாரே!"

"கொஞ்சம் பொறுங்க மாமி, அவர் மூச்செடுக்கிறார்."

புதியவனை மறுபடி கழட்டினாள். பூசணிக்காய் எழுத்துக்கள் வந்தன. இந்த முறை எழும்பிப் போகவில்லை; கன்னத்தில் கைவைத்து, திருடனுக்குக் காவல் இருக்கிற மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவனும் வரவில்லை. பழையவனைத் தன் கையால் உள்ளே விட்டாள். மெஷினை ஒருமுறை அணைத்துப் போட்டு, வீடியோவைத் திறந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். சப்னாவின் உம்மா குனிந்தார், முத்தமிட்டார், நிமிர்ந்தார். மா நிறம், மூக்குத்தி, கண்ணோரம் கலைந்த சுருமா எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று அவள் கத்திய கத்தலில் மாமி மவ்லவியைக் கையில் ஏந்தியபடி ஓடிவந்தார்.

ரஸீன் பகல் சாப்பாட்டுக்கு வந்தபோது அவள் ரூட்டர் வயரைத் திரும்பச் செருகுமுன், புதியவன் வருகிற வழிகளைக் கதவு கதவாகச் சாத்திக்கொண்டிருந்தாள். தானாகப் புதுப்பிக்கிற வேலையை ரஸீன் போட்ட சொஃப்ட்வெயரும் செய்தது, மெஷினோடு கூடப் பிறந்த விண்டோஸும் செய்தது. கூடப் பிறந்ததன் கையைக் கட்டிவிட்டாள். ரஸீனுடையதில், 'தானாகப் போடு' என்பதை எடுத்து 'என்னைக் கேள்' என்று வைத்தாள்.

"இனி ஒவ்வொண்டுக்கும் கேட்டுக் கேட்டுத் தொந்தரவு பண்ணும் ஒன்ன" என்றான்.

"பண்ணட்டும். வாசிச்சுப் பாத்துட்டு முடிவு சொல்றேன்."

அவன் கதிரையை இழுத்துப் போட்டு, திரை தெரியாத பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தான். அது இல்மாவுக்குப் பிடித்திருந்தது.

வியாழன் பின்னேரம் சப்னா வீட்டு ஆண்கள் எல்லாரும் வெளியே போகும்வரை காத்திருந்து, ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, இல்மா தூக்கிக்கொண்டு வந்த தன் மெஷினையே பெரிய டீவியில் பொருத்தினாள். முதல் காட்சி அவள் மெஷினிலிருந்துதான், அதுவும் அவள் ஒழுங்கில் ஒன்று. கதிரை போதாமல் பாதிப் பேர் பாயில் இருந்தார்கள். "அந்தா பாருங்க, ஸஹ்ரா மாமி ஆடுறா!" என்று ஒருத்தி கூவ, ஸஹ்ரா மாமி முகத்தைப் பொத்திக்கொண்டார். நடுவில் சப்னா, மருதாணி இன்னும் மங்காத கையால் உம்மாவின் விரலைப் பிடித்தபடி. அறையின் ஒரு மூலையில் இரண்டு சூட்கேஸ்கள் பூட்டி நின்றன.

முத்தமிடுகிற இடம் வந்தது. திரையில் உம்மா குனிந்தார், அதே மா நிற முகம். பாயில் இருந்த உம்மா தேம்பத் தொடங்கினார். அந்நேரம் பார்த்து, திரையின் கீழ் மூலையில் ஒரு பெட்டி எழும்ப, இல்மா படத்தை நிறுத்தினாள். புதிய ட்ரைவர் தயாராக இருக்கிறது. இப்போது போடவா? பிறகா?

"அதென்ன புள்ள, குறுக்கால?" என்றார் மாப்பிள்ளையின் உம்மா.

"மெஷின் கேக்குது மாமி. புதுசு போடட்டா, பொறவு போடட்டான்னு. நான் சொன்னாத்தான் செய்யும்."

சப்னா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், யாருக்கும் இல்லாத மாதிரி மெதுவாகச் சொன்னாள். "அது சரி தாத்தா. ஒங்க மெஷினாவது கேட்டுட்டுச் செய்யுது."

மாப்பிள்ளையின் உம்மா முக்காட்டு நுனியைச் சரிசெய்தார். அக்காளைத் தாத்தா என்றழைக்கிற ஊர் அது. இல்மா மவுஸை நகர்த்தி, 'பிறகு' என்பதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாள். வைத்துவிட்டு, மவுஸை அப்படியே சப்னாவின் பக்கம் தள்ளினாள். சப்னா உம்மாவின் விரலை விட்டாள். மருதாணிக் கை நீண்டு வந்து மவுஸின்மேல் நின்றது. திரையில், நெற்றிக்கும் உதட்டுக்கும் இடையே ஒரு நூலளவு இடைவெளியோடு, உம்மா இன்னும் குனிந்தபடியே இருந்தார்.