மரை கழன்ற பல்

நெரிடா ஒரு பழத்தைக் கடித்துப் பார்த்துச் சொல்லாமல் அவள் குடும்பத் தோட்டத்தில் ஆப்பிள் பறிப்பு தொடங்காது. பழம் பக்குவமாகிவிட்டதா என்று பார்க்க டாஸ்மேனியா முழுக்க ஆயிரம் கருவி வந்துவிட்டது. அவளுக்கு முன்பல்லால் நறுக்கென்று ஒரு கடி போதும். அப்படிப்பட்டவளுக்குப் பறிப்பு நெருங்குகிற நேரம் பார்த்து முன்பல் ஆடியது.

அது சொந்தப் பல்லும் அல்ல. பத்து வருடத்துக்கு முன்பு ஏணி சறுக்கிப் பல் போன அன்றே, தோழியும் பல் டாக்டருமான ஹெஸ்டர் தாடை எலும்பில் உலோக வேர் ஒன்றைத் திருகி, அதன் மேல் பல்லையும் வைத்து அனுப்பிவிட்டாள். ஓட்டை வாயோடு நெரிடா ஒரு நாள்கூட ஊருக்குள் நடக்கவில்லை.

"இது சிரிக்க மட்டுந்தான். எலும்பு பிடிக்கறதுக்குள்ள எதையாவது கடிச்சே, கொன்னுடுவேன்" என்று மிரட்டியிருந்தாள் ஹெஸ்டர்.

அந்தப் பருவம் முழுக்க நெரிடா ஆப்பிளைக் கத்தியால் சீவித் தின்றாள். பறிக்க வந்தவர்கள் "பட்டணத்துச் சீமாட்டி" என்று கிண்டலடித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கக்கூட முடியாத நிலைமை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பருவமும் ஹெஸ்டர் புண்ணியத்தில் வந்தது என்றுதான் நினைத்திருந்தாள்.

இப்போது வேர் விட்டுப்போயிருந்தால் பிடுங்க வேண்டியதுதான். கணவன் மர்ரே அவளை வண்டியில் ஹெஸ்டரிடம் கூட்டிப்போனான்.

ஹெஸ்டர் எக்ஸ்ரே எடுத்தாள். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தாள்.

"சொல்லித் தொலையேன். போயிடுச்சா?"

"வேர் கல்லு மாதிரி நிக்குது. எலும்பும் அப்படியே இருக்கு. பல்லையும் வேரையும் சேர்க்கற மரைதான் கழண்டிருக்கு."

"இவளுக்கு மரை கழண்டது எனக்குக் கல்யாணத்தன்னிக்கே தெரியும்" என்றான் மர்ரே. "இதுக்குப் படம் வேறயா?"

"நீ வாயை மூடு. அவ திறக்கட்டும்."

முடுக்கி முடித்ததும் ஹெஸ்டர் சொன்னாள்: "இப்பக் கடிக்கலாம்."

நெரிடா கோட்டுப் பையிலிருந்து தோட்டத்து ஆப்பிள் ஒன்றை எடுத்தாள். பிடுங்குவதற்கு முன்னால் கடைசியாக ஒரு கடி கடித்துவிடலாம் என்று கொண்டுவந்தது. நறுக்கென்ற சத்தம் வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். மென்றாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது.

"வலிக்குதா?" என்று பதறினாள் ஹெஸ்டர்.

"இல்லடி. நீ நல்லா இருக்கணும்" என்று அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள் நெரிடா. பிறகு மர்ரே பக்கம் திரும்பினாள். "புளிக்குது. இன்னும் ஒரு வாரம் போகணும்."

மர்ரே அங்கேயே போனை எடுத்துத் தோட்டத்துக்குச் சொன்னான்: "அடுத்த வாரம்தான்பா. கடிச்சுட்டா."