போர்வைக்குள் ஒரு பெயர்

ஜெயபாய் மேசையில் கொட்டிய லேபிள்கள் உள்ளங்கை அகலம் இருந்தன. வெள்ளைத் துணியில் சிவப்பு எழுத்து: ‘ஜெயபாய் கார்மெண்ட்ஸ் அன்பளிப்பு’.

“தலைமாட்டுப் பக்கம் வச்சுத் தைக்கணும். போட்டோவுல பளிச்சுன்னு தெரியணும்,” என்றாள்.

ராஜபாளையத்தில் அவளுடைய நைட்டிக் கம்பெனி. தொண்ணூற்று நாலாம் வருஷம், கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப்போட்டு, அடியில் பழஞ்சேலை கொடுத்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் தாய் தகப்பன் இல்லாத ஹோம் பிள்ளைகளுக்குப் போர்வை. வேலை முடிந்த பிறகு எல்லோரும் கூலியில்லாமல் உட்கார்ந்து தைத்தார்கள். மேல்துணியையும் சேலையையும் மூட்டும் கடைசித் தையல் இன்பம் என்ற பெண்ணுடையது. அதனால் லேபிள் அவளிடம் வந்தது.

இன்பம் அதைத் தொடவில்லை.

“பேரு வேண்டாம்மா.”

“என்னது?”

“பிள்ளைய போர்த்துற துணி. அதுல பேரு வேண்டாம்.”

அவளும் ஹோமில் வளர்ந்தவள்தான். அங்கே கொடுத்த போர்வையில் ஓர் எண்ணெய்க்கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அது கொடியில் காய்வதை வகுப்புப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். அன்றோடு இன்பம் என்ற பெயர் போயிற்று. பள்ளிக்கூடம் முடியும்வரை ‘ஏட்டி எண்ணெய்க்கடை’தான்.

“துணி யாருது? நூலு யாருது? கரண்டு யாருது?” ஜெயபாயின் குரல் ஏறியது. “எனக்கே பாடம் எடுக்கியோ? தைன்னா தைட்டி.”

மிஷின்களெல்லாம் நின்றன. பக்கத்து மிஷினில் இருந்த சந்தனமேரி தலை நிமிராமல், “வாய மூடிட்டுத் தையேன், சனியனே. ஒன்னால எங்க பொழப்பும் போகப்போகுது,” என்றாள்.

இன்பம் தைத்தாள். ஒரு லேபிளைக்கூட விடவில்லை.

மறுநாள் காலை ஹோமுக்குப் போக வேன் வந்து நின்றது. ஜெயபாய் பட்டுச்சேலையில், போட்டோகிராபரோடு வந்தாள். ஒரு போர்வையை விரித்தாள். புரட்டினாள். இன்னொன்றை இழுத்தாள்.

“லேபிள் எங்கட்டி?”

“தச்சிருக்கேன்மா. உள்ள.”

மேல்துணிக்கும் சேலைக்கும் நடுவில். தடவினால் தடிப்பாக இருக்கும். போட்டோவில் தெரியாது.

ஜெயபாய் பிளேடை எடுத்து ஒரு போர்வையின் ஓரத்தைக் கிழித்தாள். லேபிளைப் பிய்த்து, போர்வையோடு சேர்த்துச் சந்தனமேரியின் மடியில் எறிந்தாள்.

“இத மேல வச்சுத் தை. மத்ததையும் பிரிங்க.”

“அம்புட்டையும் பிரிச்சுத் தைக்கச் சாயங்காலம் ஆயிரும்மா,” என்றாள் சந்தனமேரி.

போட்டோகிராபர் வாட்சைப் பார்த்தான்.

“அப்ப இது ஒன்னு போதும். முன்னால நிக்கிற பிள்ளைக்கு இத போர்த்திவிட்டு எடுத்துக்கிடுவோம்,” என்றாள் ஜெயபாய்.

இருக்கிறதிலேயே சின்னப் பிள்ளையைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். இன்பத்துக்குத் தெரியும். அவளும் நின்றிருக்கிறாள்.

சந்தனமேரி தைத்து நூலை அறுத்ததும், இன்பம் அந்தப் போர்வையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

“கீழ வைட்டி!”

“எனக்கும் அப்பா அம்மா இல்லம்மா. நானும் ஹோம் பிள்ளதான். அன்பளிப்புன்னுதான போட்டிருக்கு? எனக்குக் குடுத்ததா இருக்கட்டும்.”

போட்டோகிராபர் சிரித்துவிட்டான். ஜெயபாய் கையை நீட்டினாள்; வேன்காரனும் வாசலில் நின்று பார்ப்பதைக் கண்டு மடக்கிக்கொண்டாள்.

“பிச்சைக்காரக் கழுத. இனி இந்த வாசல மிதிச்ச, கால ஒடிச்சிருவேன்.”

“வரலம்மா.”

அடுக்கியிருந்த மற்ற போர்வைகளை வேன்காரன் ஏற்ற ஆரம்பித்தான். ஒன்றிலும் வெளியே பெயர் இல்லை.

“நல்லா இருப்பியாட்டி நீ?” சந்தனமேரி அடிக்குரலில் சீறினாள். “ஒன் வேலையையும் இனி எந்தலையில கட்டுவாவ.”

இன்பம் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். சிவப்பு எழுத்து முதுகுப்பக்கம் விழுந்திருந்தது. டீக்கடையில் நின்ற ஒருவன் அதை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தான். அவள் இழுத்து மறைக்கவில்லை.