மூன்றாவது கோடு யாருடையது

கம்பெனியின் சர்வர் கம்ப்யூட்டர் ஒரு வாரமாக ஆமை வேகத்தில் ஊர்ந்தது. அதைக் கட்டி மேய்க்கும் சர்வர்காரர், விசாரணை எதுவும் இல்லாமலே தன் மச்சினன்மேல் பழியைப் போட்டார். அவனை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவரேதான். அதனால் திட்டவும் தனக்கே முழு உரிமை என்று நினைப்பு. முந்தின நாள் சாப்பாட்டு மேசையில், அவன் அக்கா எதிரிலேயே, "உன் புரோகிராம்தான் எல்லாத்தையும் முழுங்குது" என்று வறுத்தெடுத்தார்.

மேனேஜர் ஆதாரம் கேட்டார். ஆதாரம் வந்தால் பையனுக்கு வேலை இருக்காது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். சர்வர்காரருக்கு உள்ளூரக் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் வீறாப்பு யாரை விட்டது? கூட்ட அறையின் பெரிய கம்ப்யூட்டர் திரையில், கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னலைத் திறந்தார். சர்வர் தன் சுமையை விடாமல் எழுதிவைத்த பதிவுகளையெல்லாம் கோடாக வரையச் சொல்லி ஒரே வரியில் கட்டளை தட்டினார்.

முதல் கோடு, சர்வரின் மொத்தச் சுமை. மலை மாதிரி ஏறியது. இரண்டாவது, மச்சினனின் புரோகிராம். தரையோடு தரையாகக் கிடந்தது.

"அப்ப தின்னது யாரு?" என்றார் மேனேஜர்.

அதிகம் தின்ற பயனரின் கோட்டை வரையும்படி சர்வர்காரர் இன்னொரு வரி தட்டினார். மூன்றாவது கோடு முதல் கோட்டை ஒட்டிக்கொண்டே ஏறியது. பெயர் இல்லை, பயனர் எண் மட்டும். அது யாருடையது என்று அறையில் அவருக்கும், கூட இருந்த மச்சினனுக்கும்தான் தெரியும். முதல் நாள் வந்த சின்ன மந்தம் ஏன் என்று பார்க்க சர்வர்காரர் தினமும் ஒரு கண்காணிப்புக் கட்டளையை ஓடவிட்டிருந்தார். ஒன்றையும் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றும் மொத்தப் பதிவையும் முதலிலிருந்து திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தது.

மச்சினன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். சர்வர்காரருக்கு ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. வந்ததே என்பதுதான் பிறகு அவரை அதிகம் கூசவைத்தது.

"என்னோடதுதான் சார்."

மேனேஜர் சிரித்தார். கண்டுபிடித்தாயிற்றே, நிறுத்திவிட்டால் போச்சு, பெரியவர்களுக்கும் கை தவறும்தான் என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான். சர்வர்காரருக்குக் காது மடல்வரை சுட்டது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

மச்சினன் காலையிலேயே தன் மேசை இழுப்பறையைக் காலிசெய்து பையில் போட்டிருந்தான். இப்போது ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தான். சர்வர்காரர் அவன் பக்கத்தில் போய் நின்று, மன்னித்துக்கொள்ளச் சொல்லி முனகினார்.

"பரவால்ல மாமா," என்றான் அவன், நிமிராமல். "அந்தக் கோடு என்னோடதா இருந்திருந்தா, கை தவறிடுச்சுன்னு நீங்க சொல்லியிருப்பீங்களா?"

சர்வர்காரர் பையிலிருந்து ஒரு பொருளை எடுத்துத் தானே இழுப்பறையில் வைத்தார்.