துறைமேடை பொங்கிய பதினோரு வருடம்

கேண்டீனில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் குப்புறப் படுத்துக் கிடந்தேன். ஒரு கையில் டார்ச், மறு கையில் பழைய பல் துலக்கும் பிரஷ். எனக்கு வயது அறுபத்தொன்று. என் முழங்கால்களுக்கு நூற்றிருபது. தலைக்கு மேலே ஆயிரம் தட்டுகள் சொட்டிக்கொண்டிருந்தன. சரி, நாற்பது.

"எதைத் தொலைச்சீங்கம்மா? தோடா?" சமையல்காரர் குனிந்து பார்த்தார்.

"தொலைக்கலை. பித்தளைக் குமிழ். நீங்கதான் அது மேல ஈரச் சாக்கைப் போட்டு வெச்சிருக்கீங்க."

"அதுவா? எத்தனை பேர் கால்ல இடிச்சிருக்கு தெரியுமா? சுத்தியல் எடுத்து ஒரே போடா போட்டுடலாம்னு இருந்தேன்."

எனக்கு நெஞ்சு நின்று, ஒரு சுற்று வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தது. அந்தக் குமிழ் பாறையில் அடித்து இறக்கியது. துறைமுகத்தில் எது ஆடினாலும் அது ஆடாது. எண்பது அடி தள்ளி, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் துறைமேடையில் கடல்மட்டத்தை அளக்கும் கருவி இருக்கிறது. மேடை ஏறினாலும் இறங்கினாலும் கருவியும் கூடவே போகும்; பிறகு கடல் ஏறியதா மேடை இறங்கியதா என்று யாருக்குத் தெரியும்? அதனால் வருடத்துக்கு ஒரு முறை குமிழிலிருந்து மேடைக்கு எவ்வளவு உயர வித்தியாசம் என்று மட்டம் பார்க்க வேண்டும். முப்பது வருடம் நான்தான் பார்த்தேன். நடுவில் யாரோ ஒரு மகானுபாவர் அந்தக் குமிழைச் சுற்றிக் கேண்டீனைக் கட்டிவிட்டார்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் அளக்கிற ஆள். என் கல்யாணத்துக்கு வந்தவர்கள் பத்தாயிரம் பேர். நான் பார்த்த புயலில் கப்பல்கள் பட்டம் விட்டன. இதெல்லாம் வீட்டிலும் வெளியிலும். கடல்மட்டக் குறிப்பேட்டில் மட்டும் ஒரு மில்லிமீட்டர் கூட்டிச் சொன்னதில்லை. என் பொய்கள் அத்தனைக்கும் அந்தக் குறிப்பேடுதான் ஜாமீன்.

அதைத்தான் போன வாரம் எங்கள் கடல் ஆய்வக இயக்குநர் தன் அறையில் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் என் மாணவர். ஜுரம் வந்தால்கூட மூன்று தசமத்தில் சொல்லுவார் என்பதால் நாங்கள் வைத்த பெயர் தசமம்.

"மேடம், உங்க கணக்குப்படி கடைசிப் பதினோரு வருஷத்துல துறைமேடை பதினாலு மில்லிமீட்டர் உயர்ந்திருக்கு."

"ஆமா."

"பொறியாளர்ங்க விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. கான்கிரீட் என்ன மாவா, பொங்குறதுக்கு?"

"அடியில சேறு நெட்டித் தள்ளுது. பேப்பரே எழுதியிருக்கேன்."

"படிச்சேன்." அந்த ஒரு வார்த்தையில் அவர் தொண்டையில் ஒரு சிரிப்பு மாட்டிக்கொண்டது தெரிந்தது. "திங்கக்கிழமை தடுப்புச்சுவர் கூட்டம். அந்தப் பதினோரு வருஷத்தை எடுத்துடறேன். முதல் பத்தொன்பது வருஷம் சுத்தமா இருக்கு, அது போதும். உங்க பேருக்கும் ஒண்ணும் ஆகாது."

போதாது. முதல் பத்தொன்பது வருடம் கடல் சோம்பலாக ஏறிய காலம். அந்த வேகத்தை வைத்து நூறு வருடத்துக்குச் சுவர் கட்டினால் சுவர் ஒரு சாண் குறையும். ஒரு சாண் என்பது காகிதத்தில் ஒன்றுமில்லை. துறைமுகத்துக்குப் பின்தெருவில் வாசற்படியும் தெருவும் ஒரே உயரத்தில் இருக்கிற வீடுகளில் அது கட்டில் கால் வரை தண்ணீர். சமையல்காரர் வீடு அங்கேதான் இருக்கிறது.

"எடுத்துப் பாரு," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். ஓய்வு பெற்றவர்களுக்கு வளாகத்துக்குள் கேண்டீன் வரைதான் அனுமதி. வசதியாகப் போயிற்று. எனக்கு வேண்டிய குமிழ் அங்கேதானே இருக்கிறது!

துணைக்கு நாத்தனாரைக் கூட்டிவந்தேன். முப்பத்திரண்டு வருடம் போக்குவரத்துப் போலீஸ். அளவுகோலைச் செங்குத்தாகப் பிடிக்க அவளைப் போல் இன்னொருத்தி இந்தப் பூமியில் பிறக்கவில்லை. விளக்குக் கம்பமே அவளைப் பார்த்துத்தான் நிமிர்ந்து நின்றது. தொலைநோக்கி பொருத்திய மட்டக்கருவி என் சொந்தம். ஆய்வகம் குப்பையில் போட்டதை வீட்டுக்குத் தூக்கி வந்து, பரணில் வைத்துக் குழந்தை மாதிரி வளர்த்தேன்.

"முதல்ல குமிழ்லதானே அண்ணி?"

"இப்ப முடியாது. பதினோரு மணி வரைக்கும் தொட்டியில பாத்திரம் கழுவுவாங்க. மேடையிலேருந்து ஆரம்பிச்சு இங்க வந்து முடிப்போம். கேண்டீன் கட்டினதிலேருந்து நான் அப்படித்தான் பண்ணுவேன்."

கேண்டீனின் பின்கதவு வழியே வெளியே போனோம். காவலாளி ஓடி வந்தார். நாத்தனார் திரும்பி ஒரே ஒரு பார்வை பார்த்தாள். அவர் தன்னிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தடவிக்கொண்டே திரும்பிப் போய்விட்டார்.

மேடையில் ஒரு வாசிப்பு, வழியில் இரண்டு, கடைசியில் தொட்டியடியில் அவள் மண்டியிட்டு அளவுகோலைக் குமிழ்மேல் நிறுத்த, நான் வாசலிலிருந்து பார்த்தேன். சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மூச்சுக்கூட விடாமல் நின்றார். எண்களை எழுதிக் கூட்டிக் கழித்தேன். போன முறையைவிட இரண்டு மில்லிமீட்டர் அதிகம்.

"பாத்தியா? மேடை இன்னும் ரெண்டு ஏறியிருக்கு! கூப்பிடு அந்தத் தசமத்தை!"

நாத்தனார் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நாம எங்கேருந்து எங்க வந்தோம்?"

"மேடையிலேருந்து குமிழுக்கு."

"புஸ்தகத்துல குமிழ்லேருந்து மேடைக்குப் போன மாதிரி எழுதியிருக்கீங்க. இது ஒன்வேல எதிர்த்தாப்புல வந்த கேஸ்."

"புஸ்தகத்துல அச்சடிச்ச கட்டமே அப்படித்தான். எப்பவும்..."

குறிப்பேட்டைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தேன். மேடையிலிருந்து குமிழுக்கு ஏற்றம் கூடியிருக்கிறது. குமிழ் அசையாது. அப்படியானால்?

ஏறவில்லை. இறங்கியிருக்கிறது. பாத்திரம் கழுவும் நேரத்துக்காக என் நடையைத் திருப்பிக்கொண்ட நாளிலிருந்து, கட்டத்தைத் திருப்பாமல், பதினோரு வருடம் கடல் ஏற்றத்திலிருந்து கழிக்க வேண்டியதைக் கூட்டியிருக்கிறேன். பதினாலைக் கழிக்காமல் கூட்டினால் பிழை இருபத்தெட்டு மில்லிமீட்டர். ஊரெல்லாம் அளந்துவிட்டு இங்கே மட்டும் அளக்காதவள் என்று மார்தட்டினேனே, இங்கேதான் கடலையே அளந்துவிட்டிருக்கிறேன். பொங்கும் சேற்றைப் பற்றி ஒரு பேப்பர் வேறு. அதற்குக் கைதட்டல் வேறு.

கவிழ்ந்து கிடந்த பாத்திரத்தின் மேல் உட்கார்ந்தேன். சமையல்காரர் டீ கொண்டுவந்து கையில் கொடுத்தார். "ஏதாவது கெட்ட சேதியாம்மா?" என்றார். யாருக்குக் கெட்டது என்று யோசித்தேன். பிறகு குறிப்பேட்டின் பின்பக்கத்தில் மறுபடி கணக்குப் போட்டேன்.

தசமம் வந்தபோது கோட்டு நுனியில் கேண்டீன் ஈரம். குறிப்பேட்டை நீட்டினேன். படித்தார். மறுபடி படித்தார். முகத்தில் சிரிப்பு வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

"மேடம், இதை யாருக்கும் சொல்ல வேண்டாம். பதினோரு வருஷத்தையும் சத்தமில்லாம எடுத்துடலாம். முப்பது வருஷ உழைப்பு, கடைசியில கூட்டல் கழித்தல் தெரியாதவங்கன்னு..."

"சொல்லட்டும். நோட்டீஸ் அடிச்சு ஒட்டு. தப்பு என்னோடது, வருஷம் என்னோடது இல்ல. முதல் பத்தொன்பது வருஷத்துல கடல் ஏறினது எவ்வளவு?"

"நாப்பத்திரண்டு."

"கடைசிப் பதினோரு வருஷத்துல நான் எழுதியிருந்தது எழுபத்தாறு. திருத்தினா?"

அவர் உதடு கணக்குப் போட்டது. "நாப்பத்தெட்டு."

"பத்தொன்பதுல நாப்பத்திரண்டு. பதினொண்ணுல நாப்பத்தெட்டு. மேடை உயர்ந்தா சந்தேகப்படலாம். இப்ப உன் பொறியாளர்ங்களே ஒத்துக்கற மாதிரி இறங்கியிருக்கு. இனிமே எதைச் சொல்லி எடுப்பே?"

"கூட்டத்துல உங்களைக் கிழிச்சுடுவாங்க மேடம்."

"கிழிக்கட்டும். கிழிச்சுட்டு அந்த எண்ணைப் படிக்கட்டும். முதல் வரியிலேயே என் தப்பை நானே போட்டுடறேன். வேற யாருக்கும் அந்தச் சந்தோஷத்தைத் தர மாட்டேன்."

நாத்தனார் கொல்லென்று சிரித்துவிட்டாள். தசமம் சிரிக்கவில்லை. குறிப்பேட்டில் இன்றைய எண்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"ஒரு வழி வாசிப்பு செல்லாது," என்றார் கடைசியில். "திரும்பிப் போய் முடிக்கணும். நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்க."

"முடிப்போம். யார் கோல் பிடிக்கிறது? இவ என் ஆளு. திங்கக்கிழமை கூட்டத்துல அதையும் சொல்லுவாங்க."

அவர் கோட்டைக் கழற்றி, எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்தார். சமையல்காரர் கையை நன்றாகத் துடைத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டார். தசமம் தொட்டியடியில் மண்டியிட்டார். அங்கிருந்து வழியில் இரண்டு இடம். பிறகு மேடையின் விளிம்பு. கடலோதம் ஏறுகிற நேரம். மேடைக்கு அடியில் தண்ணீர் எதையோ மென்றுகொண்டிருந்தது.

கருவியைத் திருப்பிக் கண்ணை வைத்தேன். பழைய கருவி, அதில் உலகமே தலைகீழாகத்தான் தெரியும். மேலே ஆகாயம் இருக்க வேண்டிய இடம் முழுக்கக் கடல். அதற்குக் கீழே, தலை கவிழ்ந்து, இரண்டு கையாலும் கோலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, இயக்குநர். அவருடைய பளபளத்த காலணிகள் தண்ணீரைத் தொட்டன, விலகின, மறுபடி தொட்டன. அவர் அசையவில்லை.

"மேடம், எவ்வளவு?" என்று கத்தினார்.

"ஆடாம நில்லு," என்றேன். எண்ணின் மேல் குறுக்குக்கோடு மெல்ல வந்து நின்றது.