இரண்டு மணி நேரத்தில் முடிகிற பிரேக் வேலை

கார் கம்பெனியின் ஷோரூமில் காபி இலவசம். அந்த ஊரிலேயே விலை அதிகமான காபி அதுதான் என்று ரோஸ்விதா சொல்வாள். ஒரு கோப்பை குடித்து முடிப்பதற்குள் அறுநூறு யூரோ கரைந்திருக்கும். ஆனாலும் எட்டு வருஷமாக வண்டியை அங்கேதான் சர்வீசுக்கு விட்டுக்கொண்டிருந்தாள். சர்வீஸ் புத்தகத்தில் வருஷம் தவறாமல் ஷோரூம் முத்திரை விழவேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு விற்கப் போகும்போது ஒருவனும் சீந்தமாட்டான். இது ஜெர்மனியின் ஸ்வேபியப் பகுதியில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

தவிர, அவள் மருத்துவச்சி. மலைமேட்டில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் கிராமங்களுக்குப் போய் வீட்டிலேயே பிரசவம் பார்ப்பவள். வலி கண்ட பெண் கூப்பிட்டால் மழையோ பனியோ வண்டி கிளம்பியாக வேண்டும். வீட்டில் இருப்பது அந்த ஒரே கார்தான். அவள் கணவன் எகோன் வரி அலுவலகத்துக்கு சைக்கிளில் போய்வருகிறவன்.

இந்த ஏப்ரலோடு வண்டியின் கட்டாய ஈராண்டுச் சோதனைக்கு நாள் முடிகிறது. முன்னும் பின்னும் பிரேக் டிஸ்க் தேய்ந்துவிட்டது, மாற்றினால்தான் சோதனையில் தேறும் என்று ஷோரூம் மேலாளர் குன்ட்ஸ்மான் ஒரு தாளை நீட்டினார். ஆயிரத்து அறுநூற்று நாற்பது யூரோ. வரிசையில் கடைசியாக, காற்று வடிகட்டி மாற்ற எழுபத்தெட்டு.

எகோன் அந்தத் தாளை அலுவலகக் கோப்பைப் பார்ப்பதுபோல மூன்று முறை படித்தான். பிறகு கீழே போனான். டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு அந்த வடிகட்டியை உருவிக்கொண்டு மாடியேறி வந்தான். கரேலென்று இருந்தது. நடுவில் ஒரு செத்த குளவி. ஓரத்தில் அச்சடித்திருந்த தேதி, வண்டி வாங்கிய வருஷம்.

"நாலு தடவ மாத்தினதா பில்லு போட்டிருக்கான், ரோஸி. நாலு பில்லும் எங்கிட்ட இருக்கு. இது வண்டியோட பொறந்தது!"

இரண்டு பேருமாகப் போய்க் கேட்டார்கள். குன்ட்ஸ்மான் வருத்தம் தெரிவித்தார். அந்த மெக்கானிக் இப்போது வேலையில் இல்லை என்றார். காபி கொடுத்தார். ஒரு தடவை இலவசமாக வண்டி கழுவிக்கொள்ள ஒரு சீட்டும் கொடுத்தார். அந்தச் சீட்டைப் பார்த்ததும் எகோனின் உதடு வெளுத்துவிட்டது.

"இனிமே இவன் வாசப்படிய மிதிச்சா என் பேரு எகோன் இல்ல."

இதுவரைக்கும் ரோஸ்விதா அவன் பக்கம்தான். இதற்கப்புறம்தான் சனி பிடித்தது.

மூன்று வாரம் அவன் கைபேசி வீடியோவில் யாரோ தாடிக்காரன் பிரேக் கழற்றிக்கொண்டே இருந்தான். சாப்பிடும்போது கழற்றினான். படுக்கையில் கழற்றினான். பார்க்கப் பார்க்க எகோனுக்குத் தானே நாலு வண்டிக்குப் பிரேக் மாட்டிவிட்ட தைரியம் வந்துவிட்டது. எச்சில் கையால் காக்காய் ஓட்டாத மனுஷன், நூற்றிருபது யூரோவுக்கு ஒரு ஸ்பேனர் வாங்கினான். டிஸ்க்கும் பேடும் இணையம் வழியாக வந்து இறங்கின.

"மொத்தம் நானூத்து முப்பதுதான். ஆயிரத்து எரநூத்துப் பத்து மிச்சம்," என்றான்.

"ஸ்வென்யாவோட பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள்தான் பாக்கி இருக்கு," என்றாள் ரோஸ்விதா. "அது ரெண்டாவது பிள்ள. எப்ப கூப்பிட்டாலும் வந்துடுவேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். துணைக்கு இருக்கிற மருத்துவச்சி டோர்த்தே வேற லீவுல போயிட்டா. வண்டி பிரிச்சுக் கெடக்கும்போது கூப்பிட்டா நான் என்ன பண்றது?"

"ரெண்டு மணி நேரம், ரோஸி. சனிக்கிழம பன்னெண்டு மணிக்குத் தூக்கினா ரெண்டு மணிக்கு எறக்கிடலாம். அந்த ரெண்டு மணி நேரத்துலயா பொறந்துடப் போகுது?"

அவள் என்ன சொல்வாள்? ஒரு பக்கம் செய்யாத வேலைக்குப் பில் போடுகிறவன், இன்னொரு பக்கம் தெரியாத வேலையைச் செய்யக் கிளம்புகிறவன். இருதலைக்கொள்ளி எறும்புதான். சரி என்றாள்.

நெர்மின் என்பவளின் பட்டறையில் வண்டி தூக்கும் லிஃப்ட்டை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவார்கள். சொந்தமாக வேலை பார்க்க நினைப்பவர்கள் அங்கேதான் போவார்கள். குடியிருப்பு முற்றத்தில் வேலை பார்த்தால் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் கீழ்வீட்டுக்காரர் விதிமுறைப் புத்தகத்தோடு வந்து நிற்பார். நெர்மினுக்கு நாற்பது வயதிருக்கும். அப்பா துருக்கியிலிருந்து வந்தவர். அவளோ இந்த ஊர்ப் பேச்சை எகோனைவிடக் கொச்சையாகப் பேசுவாள். தன் வேலையைத் தானே பார்க்க வரும் ஆண்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

அட்டைப் பெட்டிகளைப் பார்த்ததுமே கேட்டாள்: "அளந்து பாத்தீங்களா சார்?"

"எத?"

"வண்டில இப்ப இருக்கிற டிஸ்க்க. கழட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ அளந்து பாத்துக்கணும்."

"அதெல்லாம் வேணாம்மா. வண்டியோட பதிவுச் சீட்டுல இருக்கிற மாடல் நம்பரப் போட்டுத்தான் வாங்கினேன்."

"அதே நம்பருக்கு ரெண்டு சைஸ் வரும் சார். சக்கரத்தக் கழட்டி ஒரு டேப் வெச்சாப் போதும், ஒரு நிமிஷ வேல."

எகோன் பதிவுச் சீட்டை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். "இது அரசாங்கம் முத்திர குத்தின காகிதம்."

இருபத்தேழு வருஷம் வரி அலுவலகத்தில் உட்கார்ந்தவனுக்குக் காகிதம் பொய் சொல்லாது. வண்டி வேண்டுமானால் சொல்லும். நெர்மின் ரோஸ்விதாவைப் பார்த்தாள். நீங்களாவது சொல்லுங்களேன் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். ரோஸ்விதாவுக்கு அது புரிந்தது. அளந்துதான் பாரேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அரை மணி நேரம் வாக்குவாதம், அந்த அரை மணிக்கும் லிஃப்ட் வாடகை ஓடும். அவள் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து, கொண்டுவந்த வெண்ணெய் தடவிய ப்ரெட்ஸெல் ரொட்டியைப் பிரித்தாள். அந்த மௌனத்துக்காக அவள் பிற்பாடு தன்னையே வைதுகொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

சக்கரம் சுலபமாக வந்துவிட்டது. "பாத்தியா?" என்று எகோன் சிரித்தான். டிஸ்க் வரவில்லை. எட்டுக் குளிர்காலத்துச் சாலை உப்பு அதைத் துருவால் ஒட்டிவைத்திருந்தது. எகோன் தட்டினான். பிறகு அடித்தான். பிறகு நெர்மினிடம் பெரிய சுத்தியல் வாடகைக்கு வாங்கி, சட்டையெல்லாம் நனைய மொத்தினான். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நகர்ந்தது, இரண்டு துண்டாக. அப்போது மணி ஒன்று நாற்பது.

"பரவால்ல, பழசுதானே," என்று மூச்சு வாங்கிக்கொண்டு புதியதை எடுத்து மாட்டினான். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரை அதன்மேல் கவிழ்த்தான். உட்காரவில்லை. திருப்பிக் கவிழ்த்தான். இடுப்பில் கைவைத்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டு மறுபடி கவிழ்த்தான். டிஸ்க் இரண்டு சென்டிமீட்டர் பெரிது.

"இருக்காதே," என்றான். சட்டைப்பையிலிருந்து பதிவுச் சீட்டை எடுத்துப் படித்தான். அதில் இன்னமும் அதே நம்பர்தான் இருந்தது.

"உதிரிபாகக் கடை சனிக்கிழம ஒரு மணிக்குச் சாத்திடுவாங்க," என்றாள் நெர்மின். "இனி திங்கக்கிழமதான்."

"பழசையே மாட்டு," என்றாள் ரோஸ்விதா.

மூன்று பேரும் தரையில் கிடந்த இரண்டு துண்டுகளைப் பார்த்தார்கள்.

"எகோன், நான் உன்ன ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உடைக்கறதுக்கு முன்னாடி புதுசப் பக்கத்துல வெச்சுப் பாக்கணும்னு ஒருத்தனுக்குத் தோணாதா? செருப்பு வாங்கினாக்கூடக் கால வெச்சுப் பாக்கறோமே!"

"கத்தாத. யோசிக்கறேன்."

"இன்னும் யோசி. நல்லா யோசி."

இரண்டு முப்பத்தைந்துக்கு அவள் கைபேசி அடித்தது. ஸ்வென்யாவின் கணவன் ரூபென். பனிக்குடம் உடைந்துவிட்டது, வலி நாலு நிமிஷத்துக்கு ஒரு தரம் வருகிறது. அவர்கள் இருப்பது மேலே, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி. ரோஸ்விதாவின் குரல் மட்டும் மாறவில்லை, அது தொழில் பழக்கம். "கெளம்பிட்டேன் ரூபென். பயப்படாதீங்க," என்றாள். சொல்லும்போதே அது பொய் என்று அவளுக்குத் தெரியும். முப்பது வருஷத்தில் ஒரு பிரசவத்தின்போது அவள் சொன்ன முதல் பொய்.

வாடகைக் கார் நாற்பது நிமிஷமாகும் என்றார்கள். ஊரில் இருப்பதே இரண்டு, இரண்டும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தன. நெர்மினின் தம்பி செலிம் பழுதான வண்டிகளை இழுத்து வரும் லாரியோடு நெடுஞ்சாலையில் இருந்தான். "திரும்பிக்கிட்டிருக்கான், இருபது நிமிஷம்," என்றாள் நெர்மின். ஏணி போட்டு ஏறி, தூக்கி நின்ற வண்டியின் பின்கதவைத் திறந்து பிரசவப் பையை இறக்கியதும் அவள்தான். எகோன் கையில் காலிப்பரோடு நின்றான்.

"ரோஸி, நான் வந்து..."

"நீ ஒண்ணும் பேசாத. ஒரு வார்த்த பேசாத."

லாரியில் ஏறும்போது மணி மூன்று. மலைப்பாதையில் அது மூச்சுத் திணறி ஏறியது. காட்டு வளைவில் எருவண்டி இழுத்துப் போன ஒரு டிராக்டரின் பின்னால் மாட்டிக்கொண்டது. மூன்று இருபதுக்கு ரூபென் மறுபடி அழைத்தான், குரலே மாறியிருந்தது. "தல தெரியுது. ஐயோ, தல தெரியுது!"

"ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டீங்கல்ல? சரி. ஃபோன ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வைங்க. கையக் கழுவினீங்களா? இழுக்காதீங்க ரூபென். இழுக்கவே கூடாது. தாங்கிக்கிட்டாப் போதும். ஸ்வென்யா, மூச்ச விடும்மா. முக்காத, ஊது. ஊது, ஊது!"

செலிம் காது சிவக்கச் சாலையையே பார்த்து ஓட்டினான். கைபேசியில் ஸ்வென்யா அலறினாள். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ரோஸ்விதா எண்ணினாள், ஏழு வரை எண்ணினாள். எட்டாவதில் குழந்தை அழுதது.

தொள்ளாயிரம் குழந்தைகளுக்கு மேல் அவள் கையில் பிறந்திருக்கின்றன. இந்த ஒரு குழந்தையின் முதல் அழுகையை மட்டும் எருவண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டாள். "துண்டால சுத்தி அம்மா நெஞ்சுல படுக்க வைங்க," என்றாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ்காரர்கள் தாயையும் பிள்ளையையும் பார்த்துவிட்டு, ஆபத்து ஒன்றுமில்லை என்று கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பெண் குழந்தை, மூன்றே கால் கிலோ. மற்றதையெல்லாம் ரோஸ்விதா பார்த்து முடித்தாள். ஸ்வென்யா ஒரு குறையும் சொல்லவில்லை. குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, "நீங்க இதோ வந்துடுவீங்க, இதோ வந்துடுவீங்கன்னு இவர்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன்," என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ரோஸ்விதா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஏழு மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம். நெர்மின் யாரோ தெரிந்தவரைப் பிடித்து உதிரிபாகக் கிடங்கைத் திறக்க வைத்துச் சரியான அளவில் டிஸ்க் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். பக்கத்தில் நின்று, ஒவ்வொரு போல்ட்டையும் சரிபார்த்த பிறகுதான் வண்டியை வெளியே விட்டிருக்கிறாள். எகோன் கையெல்லாம் கரியோடு வாசலில் நின்றான். முகம் மலர்ந்திருந்தது.

"பிரேக்கு என்னமாப் புடிக்குது தெரியுமா, ரோஸி! ஷோரூம்காரன் தோத்தான்!"

அவள் அவனைப் பார்த்தாள். குழந்தை எப்படி இருக்கிறது என்று அவன் இரண்டாவது வாக்கியத்திலாவது கேட்பான் என்று காத்திருந்தாள்.

"நாளைக்கே சோதனைக்கு..." என்று அவன் ஆரம்பித்து, நாளை ஞாயிறு என்பது நினைவு வந்து நிறுத்தினான்.

"ஷூவக் கழட்டு. கையக் கழுவு. உள்ள வா," என்றாள் ரோஸ்விதா. "நான் ஏன் வரலன்னு அந்தப் பொண்ணுகிட்ட நீயே சொல்லு."

"நானா? நான் என்னன்னு சொல்றது?"

"நடந்தத."

காலுறையோடு படுக்கையறை வாசலில் போய் நின்றான். ஒரு துண்டில் சுற்றிய சின்னஞ்சிறு முகத்தைப் பார்த்ததும் சற்றுத் தடுமாறினான். வாழ்த்துச் சொன்னான். மன்னிப்புக் கேட்டான், அதை நல்லபடியாகவே கேட்டான். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எகோன் எகோன்தானே. ஒரே மாடல் எண்ணுக்கு இரண்டு அளவு டிஸ்க் வருகிறது, அது சீட்டில் குறிப்பிடப்படவில்லை, அதனால் அடிப்படைத் தவறு பதிவு அலுவலகத்துடையதுதான் என்று விளக்க ஆரம்பித்துவிட்டான். ஷோரூம்காரன் வடிகட்டி விஷயத்தில் ஏமாற்றியதையும் சொன்னான். அவன் கேட்ட விலையைச் சொன்னான்.

ஸ்வென்யா குறுக்கே பேசாமல் கேட்டாள். அவர்கள் வண்டிக்கும் அடுத்த மாதம் சோதனை வருகிறது.

"அப்ப, நீங்களே பண்ணதுல எவ்வளவு மிச்சமாச்சு?" என்றாள். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

எகோனுக்கா தெரியாது? சென்ட் வரைக்கும் தெரியும். சொல்லத்தான் வாயைத் திறந்தான். கட்டிலின் ஓரத்தில் ரூபென் உட்கார்ந்திருந்தான். மூன்றரை மணி நேரம் ஆகியும் அவன் கை நடுக்கம் நிற்கவில்லை, கோப்பையிலிருந்த காபி தட்டில் சிந்திக்கொண்டிருந்தது. எகோன் அந்தக் கைகளைப் பார்த்தான். திறந்த வாயை மூடினான். மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

ரோஸ்விதா துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கேக்கறாங்கல்ல," என்றாள். "சொல்லு."