துண்டுக்கு அடியில் புது சிஸ்டம்

கம்ப்யூட்டருக்குப் புது சிஸ்டம் போட்ட மறுநாள் காலை, துளசிமணியின் மெயில் புரோகிராம் வேலைக்கு வரவில்லை. எதிர்ச்சாரி பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயுமாக உட்கார்ந்திருந்தது.

துளசிமணி பொள்ளாச்சியில் தென்னை நார் மிதியடி செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவள். மாட்டுச்சந்தையில் தரகு பார்த்து, வாயையும் கோபத்தையும் முதலாகப் போட்டு மேலே வந்தவள். கொசுறு வாங்காமல் எந்தப் பேரத்திலிருந்தும் எழுந்ததில்லை.

வியாழக்கிழமைக் கப்பலுக்குச் சரக்கு வந்துவிடுமா, சாயங்காலத்துக்குள் பதில் இல்லையென்றால் உடுமலைக்காரரிடம் வாங்கிக்கொள்கிறேன் என்று மிதியடி வாங்கும் ஹாலந்துக்காரர் முந்தின நாளே கேட்டிருந்தார். சரக்கில் ஒரு நாள் வேலை பாக்கி. அது கிடக்கட்டும், முதலில் "வரும்" என்று சொல்லியாக வேண்டும். போனில் சொன்னால் அவருக்கு அது காற்று. மெயிலில் வந்தால்தான் வார்த்தை.

மெக்கானிக் ஜெகதீசன் பேக்கரிக்கே வந்தான். வழக்கப்படி முதலில் அணைத்துப் போட்டுப் பார்த்தான். பேக்கரி விளக்கெல்லாம் அணைந்து எரிந்தன. மெயில் புரோகிராம் பன்னைத் தின்றுகொண்டே இருந்தது. காதோரம் குனிந்து பாஸ்வேர்டைச் சொன்னான். "சரிதானுங்க" என்றது, எழுந்திருக்கவில்லை.

"கழட்டிட்டு வேற ஒண்ணு போட்டுரலாங்கக்கா."

"உன்னையக் கழட்டிப் போடுவேன். இத்தனை வருசக் கடுதாசியும் அது மடியிலதான்டா கெடக்குது" என்ற துளசிமணி, புரோகிராமின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஏய், நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தே? என்ன கேடு உனக்கு?"

"நேத்து புது சிஸ்டம் வந்து நிபந்தனையெல்லாம் நீட்டுச்சுங்க. நீங்க ஒரு வார்த்தை கேக்காம சம்மதம்னு அமுத்திட்டீங்க."

"அதுக்கு?"

"தக்காளிக்காரனை முக்கா மணி நேரம் நிக்க வெப்பீங்க. நீங்க எழுதி அந்த ஹாலந்துக்காரரை அழ வெச்சதையெல்லாம் நான்தானுங்க கொண்டு போனேன். அப்பேர்ப்பட்ட ஆளு பேரமே பேசாம ஒத்துக்கிட்டா, நான் நாலு எடத்துக்கு எப்படிங்க தலை நிமிந்து போறது?"

துளசிமணிக்கு முகம் சிவந்தது. அது சொன்னதில் தப்பில்லை.

"ஜெகதீசா, அந்த சிஸ்டத்தைக் கூட்டிட்டு வா. அப்படியே ஒரு துண்டும் கொண்டா."

சிஸ்டம் இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்தது. "ஏற்கெனவே சம்மதிச்சாச்சுங்களே" என்றது.

"சம்மதிச்சது என் விரல். வாய் இன்னும் சம்மதிக்கல. கையை நீட்டு."

இருவர் கையின் மேலும் ஜெகதீசன் துண்டைப் போர்த்தினான். சந்தையில் அப்படித்தான், துண்டுக்கு அடியில் விரல் பேசும், மேலே வாய் திட்டும்.

"பழைய மணிச்சத்தத்தை என்னடா பண்ணினே? தண்ணிச் சொட்டாட்டம் ஒரு சத்தம். சோத்து நேரத்துல நீயா அணைஞ்சு நீயா எந்திரிப்பே, நான் வேடிக்கை பாக்கணுமா?"

"கட்டுப்படியாகாதுங்க."

துளசிமணி கையை உருவிக்கொண்டு வாசல்வரை போனாள்.

"அக்கா, வாங்க, வாங்க" என்றது சிஸ்டம். அதற்கு வியர்த்திருந்தது.

துண்டை எடுத்தபோது எல்லாம் படிந்திருந்தது. மெயிலுக்குத் திரையில் அதே பழைய மூலை, அதே மணிச்சத்தம். சோற்று நேரத்தில் அணைவது கிடையாது.

"கொசுறு?"

"எங்ககிட்ட அந்தப் பழக்கம் இல்லீங்க."

"தேடிப் பாரு."

சிஸ்டம் எல்லாப் பையையும் துழாவி ஒரு புதன்கிழமையை எடுத்தது. துளசிமணி வெளிச்சத்தில் பிடித்து, புரட்டிப் பார்த்தாள்.

"கசங்கியிருக்குது. சரி, குடு."

மெயில் புரோகிராம் மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, அவள் சொன்ன "வரும்" என்பதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாலையைக் கடந்தது. பொழுது சாய்வதற்குள் பழைய மணி அடித்தது. சரி, உங்களிடமே வாங்கிக்கொள்கிறேன் என்றிருந்தார் ஹாலந்துக்காரர்.

புதன்கிழமை முடிந்தும் அந்த ஒரு நாள் வேலை பாக்கியாகவே நின்றது. துளசிமணி பீரோவைத் திறந்து கொசுறை எடுத்து உதறி விரித்தாள். மறுநாள் பொழுது விடிந்ததும் தறியெல்லாம் ஓடத் தொடங்கின.

பேக்கரிக்காரர் பாதி ஷட்டரைத் தூக்கிவிட்டு வந்து நின்றார்.

"ஏனுங்கக்கா, இன்னைக்கும் புதன்தானுங்களா? பன் போடட்டுமா?"

"புதன்தான். ஆனா இது எங்களுது. மத்தியானத்துக்கு மேல வேணா உங்களுக்குப் பாதி தர்றேன். என்ன தர்றீங்க?"

பேக்கரிக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார்.