மூன்று மில்லி

1

இந்தக் கதை ஒரு கழிவுத் துண்டிலிருந்து வந்தது. அச்சகத்தில் வெட்டி விழும் ஓரங்களைச் சாக்கில் அள்ளுவார்கள். நாற்பது வயசுக்கு மேல் நான் எழுத்துக் கூட்டியது அவற்றில்தான்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: கும்மிடிப்பூண்டியில் மழை பிடித்துக்கொண்—

(வேண்டாம். அன்று மழை இல்லை.)

2

சின்னதுரை அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறவர். அன்று அவர் முன்னால் ஐந்நூறு நினைவு அட்டைகள் அச்சாகி வந்து கிடந்தன. ஹெலனின் வீட்டுக்காரர் எட்வர்ட் இறந்து மறுநாளோடு ஒரு வருஷம். காலையில் ஜெபம். ஹெலன் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லியிருந்தாள்.

"ஓரம் வரைக்கும் படம் வரணும்ணே. வெள்ளை வுட்டா கம்பெனி ஐடி கார்டு மாரி கீது. அத்த மாட்டிக்கினு அவரு அலைஞ்சது போதும். கை மட்டும் முழுசா தெரியணும்."

படத்தில் எட்வர்ட் இடது கையை விரித்துச் சுவரில் ஊன்றி நிற்கிறார். ஐந்து விரலும் இருக்கிற கடைசிப் படம் அது. சுண்டுவிரல் படத்தின் விளிம்பை ஒட்டியே இருக்கிறது.

3

கத்தி நேராக இறங்கினாலும் காகிதம் ஒரு நூல் நகரும், ஓரத்தில் வெள்ளை தெரிந்துவிடும். அதனால் ஓரம்வரை படம் வேண்டுமென்றால் வெட்டுகிற கோட்டுக்கு வெளியேயும் மூன்று மில்லிமீட்டர் படத்தை நீட்டி வைக்கவேண்டும். அதற்குப் பிளீடு என்று பேர். வெட்டி எறிவதற்கென்றே அச்சடிக்கிற படம். (கதையிலும் நடந்ததைவிடக் கொஞ்சம் கூடத்தான் எழுதுகிறோம். எதை வெட்டுவது என்பதில்தான் எனக்குத் தடுமாற்றம்.)

கம்ப்யூட்டரில் டிசைன் செய்யும் தமிழ்செல்வி அதை விட்டுவிட்டாள்.

"இன்னாம்மா, பிளீடு எங்க?"

"சுவத்தை இழுத்து நீட்டலாம்னுதாண்ணே இருந்தேன். கோயில் நோட்டீஸ் அவசரத்துல மறந்துட்டேன். மறுபடி அடிக்க டைம் இல்ல. உள்ள தள்ளி வெட்டிடுங்க. ஒரு விரலு, யாரு எண்ணப்போறா?"

"அவ எண்ணுவா."

4

முதல் பிரதியில் இந்தப் பகுதி இல்லை.

எட்வர்டும் சின்னதுரையும் முன்பு ஒரு தகடு அழுத்தும் கம்பெனியில், ஒரே மிஷினில் மாறி மாறி ஷிப்டு பார்த்தவர்கள். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒன்றாக அழுத்தினால்தான் அது இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்று செய்த ஏற்பாடு. வேலை சீக்கிரம் ஓட, ஒரு பட்டனை யாரோ கம்பியால் கட்டிவிட்டார்கள்.

(யாரோ என்பதை அடிக்கிறேன்.)

சின்னதுரை கட்டினார். அவிழ்க்காமல் வீட்டுக்குப் போனார். அடுத்த ஷிப்டில் எட்வர்டின் சுண்டுவிரல் போயிற்று. ஹெலனுக்கு இது தெரியாது.

(சின்னதுரை என்று பேர் வைத்தால்தான் எனக்கு இதை எழுத வருகிறது.)

5

முடிவு ஒன்று: உள்ளே தள்ளி வெட்டினார். அட்டை பளிச்சென்று வந்த—

(அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: கோட்டிலேயே வெட்டினார். ஓரத்தில் வெள்ளை இழை தெரிந்தது. ஏன் என்று ஹெலன் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னார். அவள் மன்னித்தாள்.

(அவள் வாயில் அந்த வார்த்தையைத் திணித்தது நான். அது கோட்டுக்கு வெளியே இருக்கிற மூன்று மில்லி. வெட்டிவிட்டேன்.)

நடந்தது இவ்வளவுதான். ஹெலன் அட்டை வாங்க வந்து நின்றாள்.

"இன்னாண்ணே, இன்னும் வெட்டலையா?"

"ஓரத்துல வெள்ளை வரும். இல்லாட்டி விரலு போவும். நீதாம்மா சொல்லணும்."

அவள் அட்டையில் அந்தச் சுண்டுவிரலைத் தொட்டுப் பார்த்தாள்.

"வெள்ளை வேணாம்ணே. விரலு போனா போவுது. அன்னிக்கும் மிஷினுதான எடுத்துச்சு. யாரைச் சொல்றது?"

அட்டை அடுக்கு இப்போது கத்திக்குக் கீழே இருக்கிறது, மூன்று மில்லி உள்ளே தள்ளி. இந்த மிஷினுக்கும் இரண்டு பட்டன். அழுத்தினால் விரல் போகும், அவர் வாயும் மூடிக்கொள்ளும். அழுத்தாவிட்டால் அவர் திரும்பி ஹெலனின் முகத்தைப் பார்த்துப் பேசியாக வேண்டும்.

வலது பட்டனில் சின்னதுரையின் கை இருக்கிறது. இடது பட்டனில் கம்பி கட்டவில்லை. அதை உங்கள் கைக்கு விட்டிருக்கிறேன்.